ஏழாவது விருப்பம்

டொலீடோ, ஒஹாயோ
செப்டம்பர் 18

அன்புள்ள வெஸ் அண்ணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். உன் கை எப்படி இருக்கிறது? கயிறு உரசித் தோல் உரிந்துவிட்டது என்று ஆகஸ்டில் எழுதியிருந்தாய். மருந்து போடுகிறாயா, இல்லை வழக்கம்போல கால்சட்டையில் துடைத்துக்கொண்டு விட்டுவிட்டாயா?

போனில் உன்னிடமிருந்து "ம்" என்பதற்கு மேல் எதுவும் வருவதில்லை. காகிதத்தில் பத்து வரியாவது வருகிறது. அதனால் இந்த வருஷம் முழுவதும் கடிதம்தான். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு உங்கள் கப்பலை எப்போது பிடிக்கிறதோ அப்போது படித்துக்கொள்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. கல்லூரி ஆலோசகர் டன்லீவி டீச்சர் போன செவ்வாய்க்கிழமை என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு, ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போட்டார். கனவு, பொருத்தம், மாற்று.

"நவீன இசைன்னா ரொம்பப் போட்டி, ரோவீனா. பாஸ்டன்ல லாங்வொர்த்துக்கு பேஸ் கிட்டார் மட்டும் முந்நூறு பேர் போடுவாங்க. எடுக்கிறது பன்னிரண்டு பேர். மாத்து காலேஜ் ரெண்டாவது வேணும்."

"மூணு போடுங்க. மூத்தவனுக்கு ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு அனுபவிச்சோம்" என்றாள் அம்மா.

"மாத்துன்னா நிச்சயமா கிடைக்கணும். அதே சமயம் அங்க நீ சந்தோஷமா படிக்கணும்" என்று டீச்சர் சிரித்தார். பிறகு கடைசிக் கட்டத்தில் "கார்விக் கல்லூரி, இந்தியானா" என்று எழுதினார். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் முகம், ஈரமான சாக்ஸை இரண்டு விரலால் தூக்குகிற முகமாக இருந்தது.

எனக்கு அருவருப்பாக இருந்தது அண்ணா. அந்தக் கல்லூரியில் நானூறு பேர் படிக்கிறார்கள். ஆசிரியர்கள் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள். அத்தனை பேரையும் 'வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாவிட்டால்' என்ற ஒரு கட்டத்துக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னேன். "வண்டில ஸ்டெப்னி வெச்சுக்கிறதில்லையா, அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கினார்.

ஏழு கல்லூரிகள். ஏழாவது கார்விக். உனக்கும் அதுதான் கடைசியாக இருந்தது என்று எனக்குத் தெரியும். "கார்விக்கே அவனை வேண்டாம்னுட்டாங்க" என்று அம்மா இன்னும் சொல்கிறாள், வீட்டில் யாருக்கோ வியாதி என்பது போலக் குரலைத் தாழ்த்தி. நான் உன் டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவள். உன்னை எப்படி வேண்டாம் என்றார்கள்? அன்றைக்கு அங்கே என்ன நடந்தது? சொன்னால் அதே தவறை நானும் செய்யாமல் இருப்பேன். எங்கேயும் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

கையைக் கவனித்துக்கொள்.

உன் தங்கை
ரோ


சுப்பீரியர் ஏரியில்
அக்டோபர் 12

ரோ,

கை ஆறிவிட்டது. மருந்தும் போட்டேன், கால்சட்டையிலும் துடைத்தேன். நீங்கள் மூவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி.

தபால் படகிலிருந்து உன் கடிதம் கயிற்று வாளியில் ஏறி வந்தபோது சமையல்காரர் பர்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "காதல் கடிதமாடா?" என்றார். "தங்கச்சி" என்றேன். "அப்ப ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார். கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். நாங்கள் ஏற்றிப்போகும் இரும்புத்தாதின் தூசி எல்லாவற்றிலும் இருக்கிறது. ரொட்டியைக் கடித்தால் பல்லில் நறநறக்கிறது.

மாற்றுக் கல்லூரி பற்றி எழுதியிருந்தாய். போய்ப் பார். பயிற்சி அறைக் கதவுகள் சரியாக மூடுகின்றனவா என்று பார். அங்கே படிக்கிறவர்களோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட முடியுமா என்று பார். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

கார்விக் பற்றியும் கேட்டிருந்தாய். காற்று வலுக்கிறது, மேல்தளத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

அப்பாவை மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல்.

வெஸ்


டொலீடோ
நவம்பர் 7

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கை ஆறியதில் சந்தோஷம். இங்கே எனக்கு மட்டும் ஜலதோஷம். அப்பா படியைப் பார்த்து இறங்குகிறார், ஏறும்போது பார்ப்பதில்லை.

நீ சொன்னபடியே கார்விக்குக்குப் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை, அப்பாவின் வண்டியில், சோள வயல்கள், வைக்கோல், மறுபடி சோள வயல்கள். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். கூரைப் பலகைகளில் தேநீர் கொட்டினாற்போலக் கறை. தரைவிரிப்பில் நனைந்த நாயின் வாசனை. சுற்றிக் காட்டிய பெண் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் "மன்னிச்சுக்கோங்க" என்றாள். எல்லாவற்றையும் கேலியாகவே எழுதினேன். இதைவிட நான் மேலானவள் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள.

ஒன்றைத்தான் கேலியாக எழுத வரவில்லை. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் நான்கு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் இல்லை. பாடுகிற பெண் தன் வரிகளுக்கு நடுவே, பேஸ் வர வேண்டிய இடங்களில் தானே தொண்டையால் "தும் தும்" என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். "பேஸ் ஆள் எங்கே?" என்று கேட்டேன். "போன வருஷம் சேர்ந்தவன் ஜூலைல வேற இடம் கிடைச்சுதுன்னு ஓடிட்டான்" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அடுத்த வரியைப் பாடப் போய்விட்டாள்.

இப்போது கட்டுரைகள். 'ஏன் எங்கள் கல்லூரி?' ஏழு முறை. ஏழு பேருக்கு ஒரே வாரத்தில் காதல் கடிதம் எழுதுவது போல. அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "கார்விக்குக்கு எழுதினது காஞ்சு கிடக்கு. இன்னும் கொஞ்சம் உருகு" என்றாள்.

"உருகறதுக்கு அங்க ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப உருகற மாதிரி எழுது. புஸ்தகம் புஸ்தகமா படிக்கிறவதானே நீ?"

எழுதினேன். 'கார்விக்கின் எளிமை என்னைத் தொட்டது' என்று ஒரு வாக்கியம். நாய் வாசனையைத்தான் எளிமை என்று எழுதினேன். எழுதி முடித்ததும் பல் தேய்க்க வேண்டும் போலிருந்தது.

கார்விக்கில் வாசித்து முடித்ததும் நேர்காணல் உண்டாம். அதில் உன்னிடம் என்ன கேட்டார்கள்? இந்த முறை காற்று அடிக்கட்டும், நீ எழுதிவிட்டு மேல்தளத்துக்குப் போ.

ரோ


டொலீடோ
டிசம்பர் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மா உன்னைப் பற்றி விசாரிப்பதில்லை, ஆனால் ஏரியில் புயல் என்று செய்தி வரும்போது பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

முதல் சுற்றுக்கு அனுப்பிய ஒளிப்பதிவுகளைப் பார்த்துவிட்டு இரண்டு கல்லூரிகள் வேண்டாம் என்றுவிட்டன. நேரில் வாசிக்கக்கூட அழைக்கவில்லை. ஒன்றின் கடிதம் எட்டே வரி. இன்னொன்றில் என் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். லாங்வொர்த் அழைத்திருக்கிறது! பிப்ரவரி கடைசியில் பாஸ்டன். கார்விக் பிப்ரவரி பதினொன்று. இன்னும் மூன்று இடங்கள் நடுவில்.

இன்று பள்ளியில் மெரிடித், கிட்டார் வாசிப்பாளே அவள், என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "கார்விக்கா? அது காலேஜா, இல்ல பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடமா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என் வாயிலேயே கெட்டுப்போன பால் மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்காத அந்த இடம் மட்டும்தான் என்னைக் காப்பாற்றப் போகிறது, அதைப் பார்த்தே சிரிக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறாயா? வந்தால் எழுதாதே, கதவைத் தட்டு.

ரோ


ஸ்டர்ஜன் பே, விஸ்கான்சின்
ஜனவரி 24

ரோ,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. வராததற்கும் எழுதாததற்கும் மன்னித்துவிடு.

கப்பலைக் குளிர்காலத்துக்குக் கட்டிவிட்டார்கள். மற்றவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். பனியில் கப்பல் முனகுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

லாங்வொர்த் அழைத்தது பெரிய விஷயம். உனக்கு அதற்கான கை இருக்கிறது. இதை நான் சும்மா சொல்லவில்லை.

கார்விக்கில் ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு

(இங்கே இரண்டு வரிகளை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.)

கேட்டதற்குப் பதில் சொல். என்ன பதில் என்று என்னைக் கேட்காதே. கம்பிகளை இரண்டு நாள் முன்பே மாற்றிவிடு, அன்றைக்கு மாற்றாதே.

வெஸ்


டொலீடோ
பிப்ரவரி 13

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமா? நான் சுகம் என்று எழுதினால் அது இந்த வாரம் நான் சொன்ன இன்னொரு பொய்யாகிவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே அடித்திருக்கிறாய்.

சனிக்கிழமை கார்விக். காத்திருக்கும் தாழ்வாரத்தில் பத்துப் பேர். ஒரு பையன் கிட்டார் கம்பிகளை எவ்வளவு வேகமாக அறைய முடியுமோ அவ்வளவு வேகமாக அறைந்துகொண்டிருந்தான், மற்றவர்களை நடுங்க வைக்கவே. ஓர் அம்மா மகனின் தலையில் ஏதோ பீய்ச்சிக்கொண்டே, "கேட்டா இதுதான் கனவுக் காலேஜ்னு சொல்லு" என்றாள். "எது, இதுவா?" என்றான் அவன். "சத்தமா பேசாதே!"

என் பக்கத்தில் ஒரு பெண் அவித்த முட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். பேர் ஜூனி. அந்த ஊர்க்காரி; அவள் அப்பா அங்கேயே டயர்க்கடை வைத்திருக்கிறார். அவளும் பேஸ்.

"நீ எத்தனை இடம் போட்டிருக்கே?"

"ஏழு."

"ஏழா! எந்தக் காலேஜ் எதுன்னு குழம்பாதாடி உனக்கு? நான் இது ஒண்ணுதான். சின்ன வயசுல இந்த ஹாலுக்குப் பின்னாடி சுவர்ல காதை வெச்சுக் கேட்டிருக்கேன்." பாதி முட்டையை எனக்கு நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அவள் உள்ளே போய்விட்டு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அடுத்தது நான். ஹால்வர்சன் என்று ஓர் ஆசிரியர், பாட்டு ஆசிரியை ஒருத்தர். தயார் செய்ததை வாசித்தேன். பிறகு ஹால்வர்சன் ஒன்றும் சொல்லாமல் பியானோவில் உட்கார்ந்து எதையோ ஆரம்பித்தார். நான் கூடவே போனேன். அந்த அம்மாள் மேசையில் தாளம் தட்டினார். பத்து நிமிஷம் இருக்கும். செப்டம்பரிலிருந்து எனக்கு எதன் மேலும் வெறுப்பில்லாமல் இருந்த பத்து நிமிஷம் அதுதான். இதை எழுதாவிட்டால் நியாயமில்லை.

அதன் பிறகு அவர் கோப்பைத் திறந்தார். "எங்க பேண்டுக்கு வருஷத்துக்கு ஒரு பேஸ்தான் எடுப்போம்மா. இன்னைக்கு பேஸுக்கு வந்தது நீயும் இப்பப் போன பொண்ணும்தான். சுத்தி வளைக்காம கேக்கறேன். இடம் குடுத்தா வருவியா?"

"வருவேன் சார். இதுதான் என் முதல் விருப்பம்."

முதல் விருப்பமா என்று அவர் கேட்கவே இல்லை அண்ணா. நானாகச் சேர்த்தேன். குரல் நடுங்கவில்லை. ஏழு கட்டுரைகளிலும் பழகிய குரல். அவர் எதையோ எழுதிக்கொண்டு தலையாட்டினார்.

கழிவறைக்குப் போய் வாயைக் கழுவினேன். ஜூனி உள்ளே வந்தாள். "அதைக் கேட்டாரா? நான் 'வருவேன்'னு சொல்றப்ப அழுதே தொலைச்சுட்டேன். மூக்கெல்லாம் ஒழுகிச்சு, அந்தம்மா டிஷ்யூ குடுத்தாங்க. மானமே போச்சு. நீ என்ன சொன்னே?"

"நானும் அதேதான்."

"எவளுக்குக் கிடைச்சாலும் மத்தவளுக்கு போன் பண்ணிச் சொல்லணும், சரியா?" என்று அவள் எண்ணைக் கொடுத்தாள். நான் என்னுடையதைக் கொடுத்தேன். அவள் கையில் இன்னும் முட்டை வாசனை. அருவருப்பு அவள் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது. அவள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே வார்த்தை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

உன்னிடம் கேட்டதும் இதே கேள்விதானா?

ரோ


ஸ்டர்ஜன் பே
பிப்ரவரி 27

ரோ,

இங்கே குளிர் குறையவில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பாஸ்டனிலிருந்து நல்லபடியாகத் திரும்பியிருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆமாம். இதே கேள்விதான். இதே ஆள்தான்.

வருஷத்துக்கு ஒரு டிரம்ஸ்தான் எடுப்போம், வருவியா என்று கேட்டார். நான், "இல்ல சார். மேல மூணு இடம் போட்டிருக்கேன். நீங்க நாலாவது. அது மூணும் இல்லேன்னாதான்" என்றேன். அவர் கோப்பை மூடினார். "சொன்னதுக்கு நன்றி" என்றார். வீட்டுக்கு வந்தேன். மார்ச்சில் மேலே இருந்த மூன்றும் வேண்டாம் என்றன. ஏப்ரலில் கார்விக்கும்.

அம்மாவிடம், என் வாசிப்பு பிடிக்கவில்லை என்று சொன்னேன். அவள் அதைத்தான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நீ இப்போது என்னைப் பெரிய யோக்கியன் என்று நினைத்துவிடாதே. அதற்காகத்தான் இத்தனை நாள் எழுதவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் அதைச் சொல்லவில்லை. சொல்லும்போது சிரித்தேன் ரோ. அந்தக் கூரையையும் தரைவிரிப்பையும் பார்த்து எனக்குக் குமட்டியது. அது அவருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பினேன். அவர் அதற்கு முன்னால் என்னோடு கால் மணி நேரம் வாசித்திருந்தார். நெற்றியில் வியர்வை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

நீ பொய் சொல்லிவிட்டு வாயைக் கழுவினாய். நான் உண்மையைச் சொல்லிவிட்டு வரும் வழியில் ஹாம்பர்கர் தின்றேன். எது அசிங்கம் என்று என்னைக் கேட்காதே.

அம்மாவிடம் இதை நீ சொல்லாதே.

வெஸ்


டொலீடோ
ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஐந்து வாரம் வைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் கோபமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். கப்பல் கிளம்பியிருக்கும் என்று நினைக்கிறேன்.

முடிவுகள் வந்துவிட்டன. மூன்றாவது கல்லூரி வேண்டாம் என்றது, நான்காவதும் அப்படியே. இன்னொரு மாற்று இடமான பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதன் இசைத்துறை பத்து நாள் கழித்துக் கைவிரித்தது. அதற்குள் அம்மா அந்தப் பெயர் போட்ட சட்டை வாங்கிவிட்டாள். இப்போது அப்பா அதைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிறார்.

லாங்வொர்த் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஜூனில் சொல்வார்களாம்.

கார்விக் எனக்கு இடம் கொடுத்துவிட்டது. அந்த ஒரே இடம். மே முதல் தேதிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். ஜூனிக்கு நான் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அம்மா எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுவைத்துவிட்டாள். "இப்ப கார்விக்ல சேர்ந்துடு. ஜூன்ல பாஸ்டன் கூப்பிட்டா விட்டுட்டுப் போ. எல்லாரும் செய்யறதுதான்."

"அந்த இடத்துக்கு இன்னொருத்தி காத்துட்டிருக்காம்மா."

"அவங்க அம்மா அவளைப் பாத்துப்பா. நான் உன்னைப் பாத்துக்கறேன். ஒரு பிள்ளையைக் கப்பலுக்குக் குடுத்தது போதும்."

நான் என்ன செய்யட்டும், சொல்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் பள்ளி இசை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹால்வர்சனுக்கு போன் செய்தேன். "சார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீங்க என் முதல் விருப்பம் இல்ல."

அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். விழுங்கிவிட்டு, "எத்தனாவது?" என்றார்.

"ஏழாவது."

"பரவால்லையே. போன வருஷம் வந்தவனுக்கு நாங்க பதினொண்ணாவது."

"தெரிஞ்சுகிட்டேவா கேட்டீங்க?"

"பதினெட்டு வருஷமா கேக்கறேம்மா. எல்லாரும் முதல்னுதான் சொல்வாங்க. உண்மையைச் சொன்னது ஒரே ஒருத்தன். அஞ்சு வருஷம் இருக்கும், டிரம்ஸ் பையன். சிரிச்சுக்கிட்டே நாலாவதுன்னான். அன்னைக்குக் காலைலேர்ந்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி, உயிர் போகுது. போடான்னு கோப்பை மூடிட்டேன். அந்த வருஷம் வந்ததுலயே அவன்தான் நல்லா வாசிச்சான். பேர்கூட மறந்துபோச்சு."

நான் உன் பேரைச் சொல்லவில்லை. இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் இருந்தால் நானும் உண்மையை மறைக்கிறவர்களில் ஒருத்தி. பல்வலி அண்ணா. நாம் எல்லோரும் அந்த ஒரு கேள்விக்கு உண்மையா பொய்யா என்று செத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பல் வலிக்கிறதா இல்லையா என்பதுதான் விஷயமாக இருந்திருக்கிறது. போனைப் பிடித்திருந்த கையையே தூக்கி எறியலாம் போலிருந்தது.

"அப்ப என் இடம்?" என்று கேட்டேன்.

"உன்னுதுதான். நீ பொய் சொன்னதுக்காகவா குடுத்தேன், வாசிச்சதுக்குக் குடுத்தேன். ஒண்ணு மட்டும். சேர்ந்துட்டு ஜூன்ல ஓடினேன்னா, அந்த நாலு பிள்ளைங்க இன்னொரு வருஷம் பேஸ் இல்லாம உட்கார்ந்திருக்கும். ஜூனிப் பொண்ணும் இருக்க மாட்டா. மே வரைக்கும்தான் காத்திருப்பா, அப்புறம் அழகுக்கலை படிக்கப் போறேன்னுட்டா. இப்பக் கேக்கறேன், எனக்குப் பல் வலியும் இல்ல. வருவியா?"

"தெரியல சார்."

"அட, இதை எவனும் சொன்னதில்லையே" என்றார். "மாசக் கடைசிக்குள்ள சொல்லு."

ரோ


செயின்ட் மேரீஸ் ஆற்றில்
ஏப்ரல் 16

ரோ,

நலம். கப்பல் கிளம்பிப் பத்து நாளாகிறது. ஆற்றில் இன்னும் பனிக்கட்டி.

பல்வலி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. பர்ட் கரண்டியோடு ஓடி வந்து, "யாராவது செத்துட்டாங்களாடா?" என்றார். இல்லை என்றேன். பிறகு போய் எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கப்பல்களை ஏற்றி இறக்கும் ஆற்று மதகில் காத்திருந்தபோது கரையிலிருந்து போன் சிக்னல் கிடைத்தது. வீட்டுக்கு போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். இருபது நிமிஷம் பேசினோம்.

வெஸ்


டொலீடோ
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவும் என்று சேர்த்து எழுதுகிறேன், அவளைப் பற்றி நீ கேட்காவிட்டாலும் கேட்க நினைப்பாய் என்று தெரியும். கார்விக்கில் நடந்ததை நீ போனில் சொன்ன பிறகு அவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "நான்தான் தப்பான காலேஜைத் தேடிக் குடுத்துட்டேன்னு அஞ்சு வருஷமா நினைச்சுட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெத்திருக்கேனே" என்று உன்னைத் திட்டினாள். பிறகு அழுதாள். எந்த வரிசையில் என்று எனக்குச் சரியாக நினைவில்லை, எல்லாம் சேர்ந்துதான் வந்தது.

நேற்று லாங்வொர்த்தின் காத்திருப்போர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அழுத்தினேன். இன்னும் எனக்கு லாங்வொர்த்தான் வேண்டும் அண்ணா, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷமும் உண்மை. தொண்டையால் பேஸ் வாசித்த அந்தப் பெண்ணும் உண்மை. சொன்ன பொய்யைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதை நிஜமாக்குவது ஒன்றுதான் என் கையில் இருந்தது. மனம் இன்னும் சுத்தமாகவில்லை. அது ஆகும் என்றும் தோன்றவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "ஜூன் வரைக்கும் வெச்சுக்கிட்டிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்று கத்தினாள். அப்பா எழுந்து வந்து, "சரி விடு, போய்க்கிறேன்னு சொல்றாளே" என்றார். அவர் இந்த விஷயத்தில் எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

ஹால்வர்சனுக்குச் சொல்லிவிட்டேன். "நல்லது" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

கடைசியாக ஜூனி. ஒரு மாதம் முன்பே செய்திருக்க வேண்டிய போன். பின்னால் டயர்க்கடைச் சத்தம் கேட்டது. இடம் எனக்குத்தான் என்றேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது; சின்ன ஊர். ஆனால் மற்றதும் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது என்பதை, முதல் விருப்பம் என்று கேட்காமலே சேர்த்ததை, லாங்வொர்த்தை விட்டதை. 

"அது பொய்யின்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா கழிவறையிலேயே உன்னை அறைஞ்சிருப்பேன்."

"இப்ப?"

"இப்பத்தான் அது பொய் இல்லையே. அதனாலதான் இன்னும் பத்திக்கிட்டு வருது" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

நான் இன்னும் என் அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபதாம் தேதி கார்விக்கில் வகுப்புத் தொடங்குகிறது. அவள் அந்த ஊரில்தான் இருப்பாள். நாங்கள் எங்கேயாவது எதிர்ப்படுவோம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா.

ரோ